பத்திரத்தைப் படித்தாயா?

1990களின் நடுவில் அப்பா ஊருக்கு வெளியே மூன்று சென்ட் மனை ஒன்று வாங்கினார். பதிவு நாளன்று நானும் கூடப் போயிருந்தேன். பத்திரம் எழுதியவர், "எல்லாம் வழக்கமா எழுதுறதுதான் சார், கையெழுத்தைப் போடுங்க, அடுத்து நம்மளத்தான் கூப்பிடுவாங்க" என்று அவசரப்படுத்தினார். அப்பா காதில் வாங்கவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வில்லங்கச் சான்றையும் பத்திரத்தையும் வரிவரியாகப் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. விற்றவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருத்தி எழுதிய பிறகுதான் பேனாவைத் திறந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னார்: "எழுதினவன் நாளைக்கு வரமாட்டான்டா. கையெழுத்து என்னுது."

போன வாரம் இரண்டு இரவுகள் தூங்காமல் ஒரு பெயர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் அந்த வேப்பமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. ஈராக் மீது படை அனுப்ப அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தின் வாக்குப் பட்டியல் அது. 2002 அக்டோபர் 10ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 296 பேர் ஆதரவு, 133 பேர் எதிர்ப்பு. அன்று நள்ளிரவு தாண்டி செனட்டில் 77 பேர் ஆதரவு, 23 பேர் எதிர்ப்பு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஆம் அல்லது இல்லை என்று இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அந்த 'ஆம்'களுக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று தேடத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர் இருப்பதே சாதாரண விஷயமில்லை. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் 'ஆம்' என்று கத்தினார்கள் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. பெயரோடு வாக்கெடுப்பு நடந்தாலும், கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகும். 1985இலிருந்து இதுதான் நிலை. படை அனுப்புவதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் நம் அரசியல் சட்டத்தில் இல்லை. ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது, 2003 ஜூலையில் முடியாது என்று முடிவெடுத்தது வாஜ்பாயின் அமைச்சரவைக் குழுதான். நல்ல முடிவு, இன்றைக்கும் அதற்காக நன்றியோடு இருக்கிறேன். ஆனால் முடிவு வேறு மாதிரி போயிருந்தால், என் தொகுதி எம்.பி. அதில் என்ன செய்தார் என்று நான் கேட்க ஒரு வழியும் இருந்திருக்காது. அமெரிக்க வாக்காளருக்கு அந்த வழி இருக்கிறது. கையில் பட்டியலே இருக்கிறது. அதனால்தான் அது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் பட்டது.

இனி அந்த ஓட்டுக்கு முன்னால் நடந்ததற்கு வருகிறேன்.

2002 செப்டம்பரில் செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் புளோரிடாவின் பாப் கிரஹாம். ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி எல்லா உளவு அமைப்புகளும் சேர்ந்து எழுதும் முழு மதிப்பீட்டறிக்கை எங்கே என்று அவரும் சக உறுப்பினர்களும் சி.ஐ.ஏ.வைக் கேட்டார்கள். அப்படியொன்று தயாரிக்கப்படவே இல்லை என்று பதில் வந்தது. நாட்டைப் போருக்குக் கொண்டுபோக எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, அடிப்படை அறிக்கையே கிடையாது! இவர்கள் வற்புறுத்திய பிறகு மூன்று வாரத்தில் அவசரமாக எழுதி, அக்டோபர் தொடக்கத்தில் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். தொண்ணூறு பக்கங்களுக்கு மேல். ரகசிய ஆவணம் என்பதால் காவல் போட்ட அறையில் வைத்தார்கள். உறுப்பினர்கள் நேரில் போய்த்தான் படிக்க வேண்டும்.

எத்தனை பேர் போனார்கள்? வாஷிங்டன் போஸ்ட் 2004இல் எழுதியதன்படி, முதல் ஐந்து பக்கச் சுருக்கத்தைத் தாண்டிப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை. பிரதிநிதிகள் சபையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்.

நூறு செனட்டர்களில் ஆறு பேர். தொண்ணூறு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் போதும்.

அதற்குள் என்ன இருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. ஈராக் வாங்கிய அலுமினியக் குழாய்களை அணுகுண்டு முயற்சிக்கு ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டுவதற்கு ஆனவையாகத் தெரியவில்லை என்று எரிசக்தித் துறை நிபுணர்கள் அதே அறிக்கையில் மறுத்திருந்தார்கள். அமெரிக்க அரசில் அணு விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஈராக் முழுவீச்சில் அணு ஆயுதத் திட்டம் நடத்துகிறது என்று முடிவு கட்ட ஆதாரம் போதாது என்று வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு தனியாக எழுதியிருந்தது. பொதுமக்களுக்கென்று அக்டோபர் 4ஆம் தேதி வெளியிட்ட சுருக்கப் பதிப்பில் இந்த மறுப்புகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. கிரஹாம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சக ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களிடம் போய்ப் படியுங்கள் என்று சொன்னார். அவர் போட்ட ஓட்டு, இல்லை.

ஆதரித்தவர்கள் பிறகு சொன்ன சமாதானங்களைக் கோபப்படாமல் கேட்கவே விரும்புகிறேன். உளவுத்துறை எங்களுக்குத் தவறான தகவல் கொடுத்தது என்றார்கள். பாதி உண்மை. மறுபாதி அந்த அறைக்குள் மேஜைமேல் இருந்தது. இன்னொரு சமாதானம் இதைவிடப் பலமாக ஒலிக்கும்: "நாங்கள் போருக்கு ஓட்டுப் போடவில்லை. சதாம் உசேன் ஆயுதப் பரிசோதகர்களை உள்ளே விட வேண்டும், ஐ.நா.வில் ஜனாதிபதியின் கை ஓங்க வேண்டும், அதற்காகத்தான் போட்டோம்." ஜான் கெர்ரியும் ஹிலாரி கிளிண்டனும் பல வருஷம் இந்த அர்த்தத்தில்தான் பேசினார்கள்.

இதை நம்பத்தான் ஆசை. ஆனால் அதே செனட்டில், அதே அக்டோபர் 10ஆம் தேதி, மிச்சிகனின் கார்ல் லெவின் வேறொரு வரைவைக் கொண்டுவந்தார். முதலில் ஐ.நா.வின் அனுமதி வேண்டும், ஐ.நா. மறுத்தால் ஜனாதிபதி மறுபடியும் காங்கிரஸிடம் வரவேண்டும் என்பது அதன் சாரம். நெருக்கடி மட்டும் கொடுக்க நினைத்தவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. 24 பேர்தான் ஆதரித்தார்கள், 75 பேர் எதிர்த்தார்கள். கொஞ்சம் போதும் என்று சொல்ல வழி இருந்த இடத்தில் முழுச் சாவியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, இப்படித் திறப்பார் என்று நினைக்கவில்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

அதன் பிறகு ஐந்து மாதங்கள் இருந்தன. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் பெரிய குற்றமாகத் தெரிகிறது. நவம்பர் 27ஆம் தேதி பரிசோதகர்கள் ஈராக்கில் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எதற்காக ஓட்டுப் போட்டோம் என்றார்களோ அது நடந்துகொண்டிருந்தது. இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று பரிசோதகர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழாய்கள் ராக்கெட் செய்வதற்கு ஆனவை என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் எல்பராதேய் 2003 மார்ச் 7ஆம் தேதி பாதுகாப்புச் சபையில் சொன்னார். அக்டோபரில் ஏமாந்தேன் என்பவர் அன்றைக்கு எழுந்து நின்று, "பொறுங்கள், நான் கொடுத்த அதிகாரம் இதற்கு இல்லை" என்று சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் முதிய செனட்டர் ராபர்ட் பேர்ட், போர் வாசலில் நிற்கும்போது இந்தச் சபை இப்படி மௌனமாக இருக்கிறதே என்று வருந்திப் பேசினார். மௌனம் கலையவில்லை. மார்ச் 20ஆம் தேதி பாக்தாத்தில் குண்டு விழுந்தது.

அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். மெஸ் டிவியில் பச்சை நிறத்தில் ஒரு நகரம் எரிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்த நகரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு அன்றைக்கு முழுதாக வரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஓட்டுப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லச் சொல்ல மனம் கனக்கிறது. 2004 ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி நிறுத்திய கெர்ரி, எட்வர்ட்ஸ் இருவருமே ஆம் போட்டவர்கள். 2008இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னும் ஆம். ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சரானார், அவருக்குப் பின் கெர்ரி. சக் ஹேகல் பாதுகாப்பு அமைச்சரானார். மைக் பென்ஸ் துணை ஜனாதிபதி. ஜோ பைடன் முதலில் துணை ஜனாதிபதி, பிறகு ஜனாதிபதி.

யாருக்கும் ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது பொய். 2002 அக்டோபரில் சிகாகோவில் ஒரு கூட்டத்தில் இந்தப் போரை எதிர்த்துப் பேசிய மாநில செனட்டர் ஒருவர், 2008இல் அந்த ஒரு பேச்சைப் பலமாகப் பிடித்துக்கொண்டு கிளிண்டனைக் கட்சிக்குள் தோற்கடித்தார். அவர் பெயர் ஒபாமா. ஆனால் ஜெயித்த கையோடு பைடனையும் கிளிண்டனையும் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். ஆம் போட்ட கனெக்டிகட்டின் ஜோ லீபர்மேன் 2006இல் கட்சிக்குள் தோற்றார், சுயேச்சையாக நின்று நவம்பரில் ஜெயித்தும் விட்டார்.

லிங்கன் சேஃபி என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. செனட்டில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர்களில் இல்லை போட்டவர் இவர் ஒருவர்தான். சொந்தக் கட்சியும் சொந்த ஜனாதிபதியும் ஒரு பக்கம் நிற்க, ரோட் ஐலண்டின் இந்த மனிதர் மறுபக்கம் தனியாக நின்றார். 2006இல் போரின் மேல் மக்களுக்குக் கோபம் பொங்கியபோது, அந்தக் கோபம் அவருடைய கட்சியின் மேல் விழுந்தது, கட்சியோடு சேர்த்து அவரையும் அடித்துக்கொண்டு போனது. போரை எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர், போருக்கு எதிரான அலையிலேயே பதவி இழந்தார். தேர்தல் என்பது ஒரு வாக்கைத் தனியாக எடுத்து நிறுக்கும் தராசு இல்லை. கட்சி, விலைவாசி, ஊர்ப் பிரச்சினை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் நிறுக்கிறது. 1964இல் வியட்நாம் போருக்குக் கதவு திறந்த தீர்மானத்தை செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும். 1968இல் இரண்டு பேருமே பதவி இழந்தார்கள்.

அப்படியே தராசு சரியாக இருந்தாலும், அதில் எடை போடுபவர் யார்? ஈராக் பாடி கவுண்ட் என்ற அமைப்பு, செய்திகள், மருத்துவமனைப் பதிவுகள் போன்றவற்றிலிருந்து மட்டும் எண்ணியே 1,80,000க்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்களின் சாவைப் பதிவு செய்திருக்கிறது. பலூஜாவில் வீடு இடிந்தவருக்கு ஒஹையோவில் ஓட்டு இல்லை. மோசுலில் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு, எந்த செனட்டரையும் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை. அதிகம் இழந்தவர்கள் வாக்காளர் பட்டியலிலேயே இல்லாத ஒரு கணக்கு இது. இதற்குத் தேர்தலால் நியாயம் செய்ய முடியாது என்று இந்த இரண்டு இரவுகளில் எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்படியானால் பொறுப்பேற்பது எப்படி இருக்கும்? அதற்கு ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும்.

வால்டர் ஜோன்ஸ். வட கரோலினாவின் குடியரசுக் கட்சி எம்.பி. அவருடைய தொகுதியில்தான் கேம்ப் லெஜூன் என்ற பெரிய கடற்படைக் காலாட்படை முகாம் இருக்கிறது. தீர்மானத்துக்கு ஆம் போட்டவர். போருக்கு பிரான்ஸ் ஒத்துவரவில்லை என்ற கோபத்தில், நாடாளுமன்ற உணவகத்தில் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' என்ற பெயரையே 'ஃப்ரீடம் ஃபிரைஸ்' என்று மாற்றவைத்த இருவரில் ஒருவர். போர் ஆதரவின் முகம் என்றே அவரைச் சொல்லலாம்.

2003 ஏப்ரலில் தன் தொகுதி முகாமைச் சேர்ந்த ஒரு சார்ஜென்ட்டின் இறுதிச் சடங்குக்குப் போனார். அந்த வீரர் போருக்குக் கிளம்பிய பிறகு பிறந்த இரட்டைக் குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்ததே இல்லை. கணவர் கடைசியாக எழுதிய கடிதத்தை மனைவி வாசித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குடும்பத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்ததாக ஜோன்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் அவரே கையெழுத்திடுவார். பெற்றோர், மனைவி, கூடப்பிறந்தவர்கள் என்று தனித்தனியாகக் கடிதம் போகும். 2017 வாக்கில் அந்தக் கடிதங்கள் 12,000ஐத் தாண்டிவிட்டன. அது தன் தவறுக்காகக் கடவுளிடம் கேட்கும் மன்னிப்பு என்றார். கேம்ப் லெஜூனிலிருந்து போய் இறந்தவர்களின் முகங்களைத் தன் அலுவலகத்துக்கு வெளியே வரிசையாக வைத்தார். பார்க்க வருகிறவர்கள் அந்த முகங்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும், அவரும்தான். 2005இல் படைகளைத் திரும்ப அழைக்கக் கால வரையறை வேண்டும் என்று எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து நின்றார். கேம்ப் லெஜூன் இருக்கும் தொகுதியில், குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்து ஆட்களை நிறுத்தினார்கள். ஆனாலும் 2019இல் இறக்கும்வரை அந்தத் தொகுதி மக்கள் அவரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கேள்வி எனக்கே எழுந்தது. 12,000 கடிதங்களும் அமெரிக்கக் குடும்பங்களுக்குத்தானே? பாக்தாத் முகவரிக்கு ஒரு கடிதமாவது போயிருக்குமா? அந்தக் குறை அதில் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஆனாலும், கிளிண்டன் தன் ஓட்டு தவறு என்று 2014இல் ஒரு புத்தகத்தில் நேராக எழுதியதையும் இதையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். 2002க்கும் 2014க்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். தவறு என்று சொல்ல அரசியலில் நஷ்டம் இல்லாத காலம் வந்த பிறகு சொன்னது அது. ஜோன்ஸ் சொல்லத் தொடங்கியபோது நஷ்டம் இருந்தது. இந்த விஷயத்தில் ஜான் எட்வர்ட்ஸுக்கும் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறேன். 2005 நவம்பரிலேயே பத்திரிகையில், தான் செய்தது தவறு என்று சுற்றி வளைக்காமல் எழுதினார்.

நான் கேட்பது சிறைத் தண்டனையை இல்லை. போருக்கு ஆம் போடும் ஒவ்வொரு உறுப்பினரும், அந்த ஓட்டுக்கு முன்னால் எந்தெந்த ஆவணத்தை முழுதாகப் படித்தேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது ஓட்டோடு சேர்ந்து பதிவாக வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அதே சபையில், அன்று நான் நம்பியது இது, நடந்தது இது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். தொகுதிக்காரர்கள் முன்னால் மட்டுமல்ல, குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்த ஒருவரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று சென்ட் மனைக்கு முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கிறவர்கள் நாம். இது அதிகமான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்டனிலும் இதே கதை. 2003 மார்ச் 18ஆம் தேதி 412 எம்.பி.க்கள் போரை ஆதரித்தார்கள், 149 பேர் எதிர்த்தார்கள். முந்தைய நாள் ராபின் குக் அமைச்சரவைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் பேசியபோது, கைதட்டும் வழக்கமே இல்லாத அந்தச் சபையில் கைதட்டினார்கள். கைதட்டியும் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் போரைப் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கை வர 2016 ஜூலை ஆகிவிட்டது. 26 லட்சம் வார்த்தைகள். அதற்குள் ராபின் குக் இறந்து கிட்டத்தட்ட பதினோரு வருஷம்.

ஆனால் பிரிட்டனில் ஒரு வழக்கம் இருக்கிறது. தேர்தல் முடிவை அறிவிக்கும்போது, அந்தத் தொகுதியில் நின்ற வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் ஏறி நிற்பார்கள், பிரதமராக இருந்தாலும். 2005 மே மாதம் பிரதமர் டோனி பிளேரின் செட்ஜ்பீல்டு தொகுதியில், ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சுயேச்சையாக நின்றார். ராணுவப் போலீஸில் இருந்த அவருடைய 20 வயது மகன், 2003 ஜூனில் ஈராக்கில் ஐந்து தோழர்களோடு கொல்லப்பட்டான். தந்தைக்குக் கிடைத்தது 4,252 ஓட்டு. பிளேருக்கு 24,421.

முடிவு அறிவித்த பிறகு தந்தை ஒலிபெருக்கி முன்னால் வந்தார். ஒருநாள் பிரதமர், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் வருத்தம் தெரிவிக்க முடியும் என்று தன் மனதார நம்புவதாகச் சொன்னார். அந்தக் காணொளியை இந்த வாரம் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. பிளேர் அவருக்குப் பின்னால் நிற்கிறார். எங்கும் போக முடியாது. முகம் அசையாமல், நேரே பார்த்தபடி, அந்த அப்பா பேசி முடிக்கும்வரை நின்று கேட்கிறார்.